அக்கரையில் மணி மூன்றரை

யாழினி, முகுந்தன், இதை உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்லத் தொடங்கினால் ஒன்றைப் பிடித்து இன்னொன்றுக்குத் தாவி, உங்கள் அம்மா "சோறு ஆறுது" என்று கூப்பிடுவதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதில்லை. எழுத்திலும் அப்படித்தான் போகும் என்று நினைக்கிறேன். என்றாலும் எழுத்தென்றால் நீங்கள் விட்ட இடத்தில் விரலை வைத்துவிட்டுப் போகலாம்.

போன ஞாயிறு பின்னேரம் கட்டாரிலிருந்து சித்தி வீடியோவில் கூப்பிட்டா. முகுந்தன், நீ திரையைப் பார்த்தாய். "பிறகு எடுப்பம்" என்று போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றாய். நான் ஏசவில்லை, கவனித்தாயா? ஏச அதில் ஒன்றும் இல்லை. சித்தி நாளைக்கும் எடுப்பா, நாளையின்றைக்கும் எடுப்பா. ஆனால் கவிழ்ந்து கிடந்த போன் மேசையில் அதிர்ந்துகொண்டிருந்தபோது எனக்கு எங்கிருந்தோ ஒரு மணம் வந்தது. போனுக்கு மணமா என்று யாழினி சிரிப்பாள். இப்போதுள்ளதற்கு இல்லை. அப்போதிருந்ததற்கு இருந்தது.

பழைய தொலைபேசியில் றிசீவர் என்று ஒன்று. வாய் வைக்கும் பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள். ஓர் ஊரே அதற்குள் கதைத்தால் அந்த ஓட்டைகளுக்குள் ஊரின் மணம் போய்க் குடியிருந்துவிடும். வெற்றிலை, தலைக்கு வைத்த எண்ணெய், மீன் வெட்டிய கை, அழுத மூக்கு. காலையில் கடை திறந்ததும் என்னுடைய முதல் வேலை பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அந்த ஓட்டைகளைத் துடைப்பது. பத்து மணிக்குள் மணம் திரும்பி வந்துவிடும். முதல் மாதம் மூக்கைச் சுளித்தேன். பிறகு மணத்தை வைத்தே, முதல் நாள் கடைசியாகக் கதைத்தது ஆர் என்று சொல்லப் பார்ப்பேன். பத்தில் மூன்றுதான் சரிவரும்.

ஆம், உங்கள் அப்பா கலியாணத்துக்கு முன் ஆறு வருடம் ஒரு கொமினிக்கேசனில் வேலை செய்தவர். இந்தச் சொல்லே உங்களுக்குப் புதிதாக இருக்கும். செட்டிபாளையம் பிரதான வீதியில் ஒரு சின்னக் கடை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தொலைபேசி. வெளியே ஆட்கள் காத்திருக்க ஒரு நீள வாங்கு. வீட்டில் போன் இல்லாத காலம் என்பதால் சவூதியில், குவைத்தில், கட்டாரில் இருப்பவர்கள் எங்கள் கடைக்குத்தான் எடுப்பார்கள். எடுத்து, "இன்னாரைக் கூட்டி வந்து வைங்க, பத்து நிமிசத்தில திரும்ப எடுக்கிறன்" என்பார்கள். நான் சைக்கிளில் பறப்பேன். கணிதத்தில் தவறி பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடைத்திருக்காது. கால் இருந்தால் போதும்.

அந்தக் கூண்டுக்குள் ஆட்கள் கதைப்பதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். சவூதி தூரமென்பதால் எல்லாரும் கத்துவார்கள். சிலர் வாவி இருக்கும் மேற்குப் பக்கம் திரும்பி நின்று கத்துவார்கள், அந்தத் திக்கில் கத்தினால்தான் போய்ச் சேரும் என்று. பெரியகல்லாற்று மனிதர் ஒருவர் கதைக்கும்போது செருப்பைக் கழற்றி வெளியே வைப்பார். ஏன் என்று கேட்டேன். "மகள் கதைக்கிறாள் தம்பி" என்றார். அதற்கு மேல் ஒரு விளக்கமும் தரவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகிறது, அந்தப் பதிலை நான் இன்னும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

சொல்ல வந்தது அதுவல்ல. நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்த பிழை உங்களுக்கு விளங்காது.

வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை என்பது உங்களுக்குத் தெரியும். அது சண்டைக் காலம். இக்கரை ஆமியின் கையில், அக்கரை இயக்கத்தின் கையில். அந்த நாட்களில் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளியது. கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் பின்னிழுத்து, கடைசியில் அரை மணித்தியாலம் முன்னே என்று நிறுத்தியது. நாங்கள் முள்ளைத் திருப்பினோம். அக்கரையில் திருப்பவில்லை. ஆகவே இங்கே நாலு மணி என்றால் அங்கே மூன்றரை. இரண்டுக்கும் நடுவே ஓடியது பாதை. இரண்டு வள்ளத்தின் மேல் பலகை அடித்து, ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். பாதையில் ஏறி இறங்கினால் அரை மணித்தியாலம் கிடைக்கும், திரும்பி வந்தால் அது போய்விடும். பாதைக்காரர் இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருந்தார். மணி கேட்டால், "எந்தக் கை வேணும்?" என்பார்.

அதனால் எங்களிடம் ஒரு பழக்கம் வந்தது. ஆர் மணி சொன்னாலும் "பழசா புதுசா?" என்று கேட்பது. கலியாண ஓலையிலும் அப்படி, கிளினிக் துண்டிலும் அப்படி. துண்டில் எழுதும்போது "புது நேரம்" என்று பக்கத்தில் போடுவது. போடாவிட்டால், வாசிப்பவர் தன் கரை நேரம் என்று எடுத்துக்கொள்வார். இது எழுதாத சட்டம். எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு புதன்கிழமை சுமதி எடுத்தாள். அக்கரைப் பிள்ளை. சவூதியில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் இரண்டு வருடம் முடியப் போகிறது. மகளைத் தாயிடம், பாக்கியக்காவிடம், விட்டுவிட்டுப் போனவள். கிசுகிசுவென்று கதைத்தாள்.

"அண்ணா, ஞாயித்துக்கிழம காலம இன்னும் ரெண்டு வருசத்துக்கு ஒப்பம் வைக்கச் சொல்றாங்க. வைக்கிறதா, வாறதா எண்டு அம்மாட்டக் கேக்கணும். சனிக்கிழம உங்கட நேரம் நாலு மணிக்கு எடுப்பன். அம்மாவக் கூட்டி வைங்க. அந்தக் கால் மணித்தியாலம்தான் எனக்குப் போன். மறுகா மேடம் படுக்கிற அறைக்குள்ள கொண்டுபோயிருவா."

நான் உடனே ஒரு துண்டு எழுதினேன். "சுமதி சனிக்கிழமை நாலு மணிக்குக் கதைப்பா. தவறாமல் வரவும்." எழுத்து அழகாக வரவேண்டும் என்று எனக்கு எப்போதும் ஒரு கவலை. படிப்பு இல்லாதவன் எழுத்தையாவது அழகாக வைத்திருக்க வேண்டாமா? "தவறாமல்" என்ற சொல்லுக்கு ஒரு கோடு இழுத்தேன். அது கொஞ்சம் கோணியது. அதன் மேல் இன்னொரு கோடு இழுத்தேன். துண்டை மடித்து, துறைக்குப் போய், பாதைக்காரரிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வரும் வழியெல்லாம் நல்ல காரியம் செய்தவனின் நடை நடந்தேன். இரண்டு கோடு போட்டவன் "புது நேரம்" என்ற இரண்டு சொல்லைப் போடவில்லை.

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமைகளில் காத்தான்குடியிலிருந்து ஒரு புடவை வியாபாரி எங்கள் பக்கம் வருவார். சைக்கிள் கரியரில் மூட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி. முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நாங்கள் எல்லாரும் நானா என்றே கூப்பிடுவோம். சவூதியில் பத்து வருடம் வாகனம் ஓட்டிவிட்டு வந்தவர். பெண்களோடு விலை பேசும்போது, "இந்த நிறம் உங்களுக்குக் கட்டாது, மற்றத எடுங்க" என்று தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும் மனிதர். அவருடைய மகன் கட்டாருக்குப் போய் ஒரு மாதமாகியிருந்தது. அன்று முதன்முதலாக எடுக்கப் போகிறான். வாப்பா சனிக்கிழமை இந்தப் பக்கம்தான் திரிவார் என்று தெரிந்து எங்கள் கடைக்கே எடுப்பதாகக் கடிதம் போட்டிருந்தான். நாலரைக்கும் ஐந்துக்கும் இடையில். நானா மூன்றரைக்கே வந்து வாங்கில் இருந்துவிட்டார். அன்று புதுச் சாரம் உடுத்திருந்தார்.

"என்ன நானா, மாப்பிள்ளை மாதிரி?" என்றேன்.

"போன்ல தெரியாது எண்டு எனக்கும் தெரியும். நீ உன்ட வேலயப் பாரு."

சரியாக நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன்.

"அம்மா வந்திட்டாவா அண்ணா?"

வாசலைப் பார்த்தேன். ஆரும் இல்லை. அப்போதுதான் எனக்கு அந்தத் துண்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. கோடு போட்ட சொல்லும் அதன் பக்கத்தில் இருந்த வெறும் இடமும். அக்கரையில் இப்போது மணி மூன்றரை. பாக்கியக்கா வீட்டில் பேத்திக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருப்பா.

"வந்திட்டே இரிக்கிறா தங்கச்சி. ஒரு அரை மணித்தியாலம்..."

"எனக்கு அரை மணித்தியாலம் இல்லயே அண்ணா."

பிறகு அவள் சொன்னாள். "அம்மா வேணுமெண்டுதான் வரல்லப் போல. வராத, அங்கயே நில்லு எண்டு வாயால சொல்ல ஏலாமத்தான் வரல்ல. விளங்கிட்டு. நான் ஒப்பம் வைக்கிறன் எண்டு சொல்லுங்க."

"இல்ல தங்கச்சி, பிழ..." என்று நான் தொடங்கினேன். லைன் வெட்டுப்பட்டுவிட்டது.

றிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளே, உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்குச் சுமதியின் மேல் வந்த கவலையைவிட, பாக்கியக்கா வந்தால் என்ன சொல்வது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. மனிதனின் மனம் முதலில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது விசித்திரமான விசயம். அது என் மனம் என்பதால் வெட்கமாகவும் இருக்கிறது.

நாலு இருபத்தைந்துக்குப் பாக்கியக்கா வந்தா. பேத்திக்கு மஞ்சள் சட்டை போட்டு, பவுடர் பூசி, கையைப் பிடித்து நடத்தி வந்தா. வியர்த்து விறுவிறுத்த முகத்தில் ஒரு பெருமை.

"நாலுக்கு இன்னும் அஞ்சு நிமிசம் கிடக்குத்தானே தம்பி? ஓடி ஓடி வந்தன். இவள்தான் செருப்ப விட்டிட்டு வந்து திரும்பப் போனாள்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவவும் பார்த்தா. அந்த முகத்திலிருந்து பெருமை இறங்கியதை நான் பார்த்தேன்.

"புது நேரமா?" என்றா. சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

"ஓம்" என்றேன். "சுமதி நாலுக்கு எடுத்தவ." பிறகு, சொல்லாமல் விட முடியாததையும் சொன்னேன். "நீங்க வரல்ல எண்டதும், வரவேணாம் எண்டுதான் நினைக்கிறீங்க எண்டு விளங்கிட்டா. ஒப்பம் வைக்கப் போறன் எண்டா."

பாக்கியக்கா வாங்கில் இருந்துவிட்டா. "என்ட பிழ. நான்தான் பழசா புதுசா எண்டு கேக்காம விட்டிட்டன். ஆத்தக் கடந்து வாறவளுக்கு இது தெரியாதா? என்ட புள்ள அங்க..." முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தத் துண்டை எடுத்து, அதில் இல்லாத ஒன்றைத் தேடுவதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அவவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்.

நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

நானா கையை நீட்டினார். "தாங்க அக்கா, பாப்பம்." துண்டை வாங்கி வாசித்தார். ஒரு முறை வாசிக்கிற துண்டு அது. அவர் இரண்டு முறை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. ஒரு கணக்கைப் பார்த்து விடையைக் கண்டுபிடித்தவனின் பார்வை, அவ்வளவுதான். துண்டை நாலாக மடித்துத் தன் சேர்ட் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார்.

"பிழை உங்கட இல்ல அக்கா. நேரத்த மாத்தினவன்ட பிழை. அவனப் புடிக்க நமக்கு ஏலாது. அந்த வீட்டு நம்பர் இரிக்கா?"

இருந்தது. பொலித்தீன் பைக்குள் ஏஜென்சிக்காரர் கொடுத்த அட்டையில் எழுதியிருந்தது. "ஆரும் செத்தா மட்டும்தான் எடுக்கணும் எண்டு சொல்லித் தந்தவங்க" என்றா பாக்கியக்கா. "எடுத்தா அவளத்தான் ஏசுவாங்க. அவங்கட பாசையில நாங்க என்னத்தக் கதைக்க?"

"நான் கதைக்கன்" என்றார் நானா.

எனக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. "நானா, மணி நாலரை. இப்ப உங்கட மகன் எடுக்கிற நேரம். லைன் பிஸியா இருந்தா..."

"அவன் மறுகா எடுப்பான். நீ அடி."

நான் எண்களை அழுத்தினேன். நானா தொப்பியைச் சரி செய்தார். சேர்ட் பொத்தானை மேல் வரைக்கும் பூட்டினார். சற்று முன் போனில் தெரியாது என்று சொன்ன அதே மனிதர். அந்தப் பக்கம் ஆரோ எடுத்தார்கள். தூக்கத்திலிருந்து எழும்பிய பெண் குரல், வெளியே நின்ற எனக்கே கூர்மையாகக் கேட்டது. நானா சலாம் சொன்னார். பிறகு அறபியில் கதைக்கத் தொடங்கினார்.

எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் அவர் அவசரப்படவில்லை என்பது விளங்கியது. இரண்டு நிமிடம் சுகம் விசாரிப்பதுபோல்தான் இருந்தது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து குனிந்து, தெரியாத வீட்டின் வாசலில் நிற்கும் விருந்தாளிபோல. அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூர்மை குறைந்தது. ஒரு தரம் நானா சிரித்தார். பிறகு அவர் குரல் தாழ்ந்தது. அவர் நீளமாக ஏதோ சொன்னார்.

நானா வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு, "கூப்பிடப் போயிருக்கா. வாங்க அக்கா, கெதியா" என்றார்.

பாக்கியக்கா றிசீவரைத் தலைகீழாகப் பிடித்தா. நானா திருப்பிக் கொடுத்தார். "அம்மா?" என்று சுமதியின் குரல் வந்ததும் தாய் அழுதா, மகள் அழுதாள். பேத்தி மட்டும் எட்டிப் பிடித்து, "அம்மா, எனக்கு முன்பல்லு விழுந்திட்டு" என்று சொன்னாள். அன்று அந்தக் கூண்டுக்குள் ஒழுங்காகச் செய்தி சொன்னது அவள் ஒருத்திதான்.

"நான் வரட்டா அம்மா?" அது வெளியே எனக்கும் கேட்டது. எங்கள் றிசீவர் அவ்வளவு சத்தம்.

"வா புள்ள. ஆரும் உன்ன வேணாமெண்டு சொல்லல்ல. ஒருத்தரும் சொல்லல்ல. ஒப்பம் வைக்காத. நீ வா."

கூண்டை விட்டு வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாக்கியக்கா கேட்டா. "அந்த மேடத்துக்கு என்ன சொன்னீங்க நானா?"

"சுமதிட மாமா எண்டு சொன்னன். உம்மாட தம்பி."

"எனக்குத் தம்பி இல்லயே."

"இனி இரிக்கி. என்ன செய்யிற, சொல்லிட்டன்."

"இவ்வளவு நாளும் நானா எண்டு கூப்பிட்டன். ஒரு போன் கோல்ல தம்பியாகிட்டீங்க." அழுத முகத்தோடு சிரித்தா. பேத்தியைக் கூட்டிக்கொண்டு பாதைக்குப் போனா. போகும்போது என் தலையைத் தடவி, "உனக்கும் கரச்சல் தந்திட்டன் மனே" என்றா. நான் என்ன மனிதன் என்று பாருங்கள், அதையும் வாங்கிக்கொண்டு நின்றேன்.

நானா ஐந்தரை வரைக்கும் இருந்தார். தொலைபேசி அடிக்கவில்லை. அவர் எழும்பி மூட்டையைக் கட்டினார். நான் கேட்டேன். "நானா, ஏன் அப்படிச் செய்தீங்க? மகன்ட முதல் கோல்."

அவர் கேள்வியே புரியாதவர்போல் பார்த்தார். "சும்மாதானே இருந்தன் தம்பி" என்றார். பெடலை மிதித்துப் போய்விட்டார்.

சும்மாதானே இருந்தன். அவர் சும்மா இருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் காத்திருந்த குரலுக்காக இருந்தார். அதையே சும்மா என்று எப்படி ஒரு மனிதனால் சொல்ல முடிகிறது? அடக்கத்துக்காகச் சொன்னாரா? அப்படித் தெரியவில்லை. தன் வேலை தன் வேலை, நடுவில் ஒருத்தி அழுதுகொண்டு வந்தால் அதுவும் அன்றைய வேலை என்று எடுத்துக்கொள்பவராக இருக்கலாம். இதுவும் என் ஊகம்தான்.

அடுத்த சனிக்கிழமை வந்து தானாகவே சொன்னார். மகன் ஒன்பது தரம் எடுத்தானாம், ஒன்பது தரமும் பிஸியாம். பிறகு அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டதாம். கிழமை நடுவில் ஒரு நாள் காத்தான்குடிக் கடையொன்றுக்கு எடுத்து, "ஆரோட வாப்பா அவ்வளவு நேரம் கதை?" என்று ஏசினானாம். "மாமிட மகள் ஒருத்தி இரிக்கிறாள் சவூதியில, உனக்குத் தெரியா எண்டு சொல்லி விட்டன்" என்று சிரித்தார். நான் தயங்கித் தயங்கி அந்தத் துண்டைத் திருப்பிக் கேட்டேன்.

"எந்தத் துண்டு?" என்றார்.

முகம் அசையவில்லை. பிறகு நான் கேட்கவும் இல்லை.

யாழினி, போன தவணை உனக்குக் கட்டுரைக்கு வாழ்க்கையின் பொருள் என்ன என்று ஒரு தலைப்பு வந்தது. நீ என்னிடம் கேட்டாய். "அம்மாட்டக் கேள்" என்று தப்பிவிட்டேன். அது எனக்குத் தெரியாத கேள்வி. இப்போதும் தெரியாது. ஆனால் நான் வாழ்ந்த நாட்களில் எது வீணாகப் போகவில்லை என்று கேட்டால், அதற்கு எனக்குச் சில விடைகள் உண்டு. அவற்றில் பாதி நான் செய்தவை அல்ல, பார்த்துக்கொண்டு நின்றவை. பார்த்தவனுக்கும் அதில் பங்கு உண்டோ என்னவோ. பார்த்த பிறகு பழைய மாதிரி நடக்க முடிவதில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நேரமும் போட்டேன். ஒன்றன் கீழ் ஒன்றாக, பழசு இது, புதுசு இது என்று. முதலாளி, "துண்டு எழுதச் சொன்னா பஞ்சாங்கம் எழுதிறான்" என்று பகிடி பண்ணுவார்.

இப்போது அந்த அரை மணித்தியாலமே இல்லை. அரசாங்கம் ஒரு நாள் முள்ளைப் பின்னால் திருப்பியது. இரண்டு கரையும் ஒரே மணியாகிவிட்டது. பாதைக்காரர் ஒரு கடிகாரத்தைக் கழற்றிப் பேரனுக்குக் கொடுத்தாராம். கொமினிக்கேசன் இருந்த இடத்தில் போனுக்குக் கண்ணாடி ஒட்டும் கடை இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் அங்கேதான் ஒட்டினீர்கள். வாங்கு எங்கே போனதென்று கேட்டுப் பார்த்தேன், அந்தப் பெடியனுக்கு வாங்கு இருந்ததே தெரியாது. ஒரு குரலுக்காக இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருப்பது என்பதே போய்விட்டது. அது போனது நல்லதுதான் என்றும் நினைக்கிறேன். ஒரு தாய் இனி வெறும் அரை மணித்தியாலத்தால் மகளை இழக்கப் போவதில்லை.

நானா பிறகு வரவில்லை. வீதி அடைபட்டது, திறந்தது, மறுபடி அடைபட்டது. திறந்தபோது வேறு வியாபாரிகள் வந்தார்கள், அவர் வரவில்லை. அவர் பெயரை நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைக் கொப்பியில் "புடவை நானா" என்றுதான் எழுதியிருந்தேன். காத்தான்குடியில் போய் நானா எங்கே என்று எப்படிக் கேட்பது? பாக்கியக்கா செத்தும் பல வருடம். சுமதியைச் சந்தையில் எப்போதாவது காண்பேன். "எப்படி அண்ணா?" என்பாள். அன்றைய பிழை ஆருடையது என்று அவளுக்கு இன்றும் தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் இதை வாசித்த பிறகு தெரிந்தாலும் பரவாயில்லை.

ஒரேயொரு தரம் சொல்லப் போனேன். அது அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இரண்டு மாதமிருக்கும். ஒரு காலையில் கடைக்கு லீவு சொல்லி, சொல்ல வேண்டிய வசனத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு, ஆமிச் சென்றியில் அடையாள அட்டையைக் காட்டிப் பாதையில் ஏறினேன். பாதி வாவியில் பாதைக்காரர் கேட்டார்.

"ஆர்ட்டப் போறாய்? பாக்கியத்திட்டயா? அவ விடிய முதல் பாதையிலயே போயிட்டா. எயாப்போட்டுக்கு. மகள் வாறாளாமே!"

திரும்பும் பாதைக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. துறையில் சும்மா நிற்பதைவிட வீட்டையாவது பார்ப்போம் என்று சைக்கிளை மிதித்தேன். வயல் வட்டைக்கு ஓரமாக, தனியாக ஒரு வீடு. கதவு பூட்டியிருந்தது. முற்றம் முழுக்கக் கூட்டிக் கோலம் போட்டிருந்தது. வேலியில் ஒரு புதுப் பாயும் தலையணையும் கிடந்தன. வருகிறவளுக்காக முதல் நாள் வெயிலில் போட்டது. போகிற அவசரத்தில் எடுக்க மறந்திருக்க வேண்டும்.

வயலின் அந்தக் கரையில் மழை தொடங்கியிருந்தது. வட்டையில் மழை வருவது தெரியும். நெற்பயிரின் நிறம் வரிசை வரிசையாக மாறிக்கொண்டு வரும். நான் சுற்றிப் பார்த்தேன். ஆரும் கண்டால் கள்ளன் என்றுதான் நினைப்பார்கள். படலையைத் திறந்து உள்ளே போனேன். பாயைச் சுருட்டினேன், தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறாந்தைக்கு ஓடினேன். சுவரோரமாகப் பாயை வைத்து அதன் மேல் தலையணையை வைத்தேன். உறையில் நாலைந்து துளி பட்டிருந்தது. அந்தப் பக்கம் காயட்டும் என்று மேலே திருப்பி வைத்துவிட்டு, படலையைச் சாத்திக்கொண்டு மழைக்குள் இறங்கினேன்.